கிணறு வெட்டின மண்: 0.7 மீட்டரா, 2.8 மீட்டரா? (குரூப் 4, உருளைக் கணக்கு)

அம்பைப் பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4-க்கு இரண்டாம் தடவையாகப் படிக்கிறேன். பகலில் ஜவுளிக்கடை வேலை. கடை சாத்தி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, ஒன்பதரைக்கு மேல்தான் புத்தகத்தைத் தொட முடியும். போன தடவை தமிழ் கைகொடுத்தது, கணக்கு காலை வாரிவிட்டது.

ஒரு பயிற்சி மையத்தின் மாதிரித் தாளில் இருந்த கணக்கு இது: "4.2 மீ விட்டமும் 10 மீ ஆழமும் உள்ள வட்டக் கிணறு வெட்டி, அந்த மண்ணை 18 மீ நீளம், 11 மீ அகலம் உள்ள நிலத்தில் சமமாகப் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும்?" தெரிவுகள் 0.7 மீ, 1.4 மீ, 2.1 மீ, 2.8 மீ.

எனக்கு 0.7 வந்தது. விடைக்குறிப்பில் 2.8 என்று போட்டிருக்கிறார்கள். நேற்று ராத்திரி ஒரு மணி வரை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், 0.7-ஐத் தாண்டவில்லை. எங்கே தப்பு விடுகிறேன்?

ஜங்ஷன் தம்பி:
அக்கா, 2.8தான் சரி. 22/7 × 4.2 × 4.2 × 10 = 554.4. நிலத்தின் பரப்பு 18 × 11 = 198. வகுத்தால் 2.8. சூத்திரத்தில் அப்படியே போட வேண்டியதுதானே, ஏன் குழப்பிக்கொள்கிறீர்கள்?

மானூர் அண்ணாச்சி:
நான் பரீட்சை எழுதுகிற ஆளில்லை. மகளுக்காக இங்கே வந்து எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். ஆனால் முப்பது வருடமாகக் கிணற்று வேலை பார்த்தவன், அதனால் ஒன்று கேட்கிறேன்.

தம்பி, அந்த 4.2 மீட்டருக்கு வட்டமாக வெட்டாமல் நாலு பக்கமும் சதுரமாகவே வெட்டிவிட்டோம் என்று வையுங்கள். 4.2 × 4.2 × 10 எவ்வளவு? 176.4 கன மீட்டர். வட்டக் கிணறு அந்தச் சதுரத்துக்குள்ளே அடங்குகிறது. நாலு மூலையிலும் மண் வெட்டாமல் மிஞ்சும். அப்படியானால் 176-க்குக் கீழேதானே வர வேண்டும்? நீங்கள் 554 என்கிறீர்கள். மிச்ச மண் பக்கத்து வயலில் இருந்து வந்ததா?

2.8 மீட்டர் என்றால் ஒன்பது அடிக்கு மேல். அந்த இடம் ஐந்து சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 33 அடி ஆழக் கிணற்று மண்ணை அதில் பரப்பினால் ஆள் மறைகிற உயரத்துக்கு நிற்காது.

பாளை சார்வாள்:
அண்ணாச்சி கணக்கு வாத்தியார் வேலையை முடித்துவிட்டார். ஆனாலும் சொல்லித் தொலைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

பிள்ளை, உன் விடைதான் சரி. தாள் தயாரித்தவர் விட்டத்தை ஆரமாக எடுத்துவிட்டார். விட்டம் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு. அது வர்க்கமாகும்போது பிழை நான்கு மடங்காகிறது. 0.7-ஐ நான்கால் பெருக்கு, 2.8 வரும். பொதுவாக இந்த நான்கு மடங்கு விடையை ஒரு தெரிவாக வைத்துத்தான் நம்மைப் பிடிப்பார்கள். இங்கே வலை கட்டினவரே அதில் விழுந்துகிடக்கிறார்.

சூத்திரம் எல்லோருக்கும் தெரியும், πr²h. அது எதனால் வந்தது என்று கேட்டால் பாதிப்பேர் மேலே பார்ப்பார்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஒரு கட்டு வாங்கி மேசைமேல் வைத்துப் பார். ஓர் அப்பளம் ஒரு வட்டம், பரப்பு πr². அதையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுதான் கட்டு. கட்டின் உயரம் h. அடிப்பரப்பு பெருக்கல் உயரம், அவ்வளவுதான் உருளை. இப்போது கட்டைக் கையால் லேசாக ஒரு பக்கம் சரித்துவிடு. சாய்ந்து நிற்கும். அப்பளம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேசையில் இருந்து மேல் அப்பளம் வரை செங்குத்தாக அளந்தால் உயரமும் மாறவில்லை. ஆகவே கன அளவும் அதேதான். இந்த அப்பளக் கட்டு மனத்தில் இருந்தால் செவ்வகத் தொட்டிக்குத் தனிச் சூத்திரம் தேட வேண்டாம். அங்கே அப்பளத்துக்குப் பதில் சீட்டுக்கட்டு.

அடுத்து பெருக்குகிற முறை. 554.4 என்று முதலிலேயே பெருக்கிவைத்துவிட்டு அப்புறம் 198-ஆல் வகுப்பது பரீட்சை மண்டபத்தில் தற்கொலைக்குச் சமம். கால்குலேட்டர் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே பின்னமாக எழுது:

(22 × 2.1 × 2.1 × 10) ÷ (7 × 18 × 11)

22-க்கும் 11-க்கும் 2. 2.1-க்கும் 7-க்கும் 0.3. மேலே மிஞ்சுவது 2 × 0.3 × 2.1 × 10 = 12.6. கீழே 18. விடை 0.7. பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

ஜங்ஷன் தம்பி:
சார்வாள், அண்ணாச்சி, மன்னிக்கணும். விட்டம் என்று இருந்ததைக் கவனிக்கவே இல்லை. அக்கா, தப்பாக அடித்துச் சொன்னதற்கு உங்களிடமும் மன்னிப்பு.

அம்பைப் பொண்ணு:
பரவாயில்லை தம்பி, நீங்களாவது இங்கே திருத்திக்கொண்டீர்கள். அந்தத் தாள் எத்தனை பேர் கையில் இருக்கிறதோ.

அண்ணாச்சி, அந்தச் சதுரக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வட்டம் சதுரத்தில் எவ்வளவு பங்கு இருக்கும்?

மானூர் அண்ணாச்சி:
நாங்கள் கூலி பேசும்போது ஆரம் எல்லாம் எடுப்பதில்லை. கிணற்றுக்குள் இறங்கி நடுப்புள்ளியை யார் தேடுவது? வாய் அகலத்தை டேப்பில் அளப்போம். அந்த அகலத்தை அதே அகலத்தால் பெருக்கி, பதினாலில் பதினொரு பங்கு எடுப்போம். அதை ஆழத்தால் பெருக்கினால் கன அளவு. என் அப்பா சொல்லித் தந்தது. ஏன் பதினொன்று, ஏன் பதினாலு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாளை சார்வாள்:
அருமை. 22/7-ஐ 4-ஆல் வகுத்தால் 22/28, சுருக்கினால் 11/14. ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தில் பாதியைப் போட்டால் அந்த நாலு வந்துவிடும். 176.4 × 11 ÷ 14 போட்டுப் பாருங்கள், 138.6. பிள்ளைக்கு வந்த அதே கன அளவு. கேள்வியில் விட்டம் கொடுத்து, அது 14-இல் அடிபடுகிற எண்ணாக இருந்தால் அண்ணாச்சி வழியே சுருக்கு.

நாங்குநேரி அக்கா:
நான் குரூப் 4 எழுதி இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன். அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்.

200 கேள்வி, 3 மணி நேரம். சராசரியாக ஒரு கேள்விக்கு 54 விநாடி. ஆனால் தமிழ்க் கேள்வி பல பத்து விநாடியில் முடியும். அங்கே மிச்சம் பிடித்துத்தான் கணக்கு 25-க்குச் செலவழிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை மதிப்பெண்.

என் நோட்டில் முதல் பக்கத்தில் ஒரே ஓர் எண்தான் எழுதியிருந்தேன்: 154. ஆரம் 7 என்றால் வட்டப் பரப்பு 154. மீதி எல்லாம் இதன் பிள்ளை குட்டிகள். ஆரம் 14 என்றால் இரண்டு மடங்கு ஆரம், நான்கு மடங்கு பரப்பு, 616. ஆரம் 21 என்றால் ஒன்பது மடங்கு, 1386. ஆரம் 3.5 என்றால் கால் பங்கு, 38.5. செல்வி கேட்ட 2.1 என்பது 7-இல் பத்தில் மூன்று பங்கு. ஆகவே 154-ஐ 0.09-ஆல் பெருக்கினால் 13.86. பத்து மீட்டர் ஆழத்துக்கு 138.6. (செல்வி என்று சும்மா கூப்பிட்டுவிட்டேன், பெயர் தெரியாது.)

ஜங்ஷன் தம்பி:
அக்கா, என்னிடம் இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. 22/7 போட்ட விடையில் 11 ஒளிந்திருக்கும். அதனால் நாலு தெரிவில் எது 11-இன் மடங்கோ அதை அடித்துவிடலாம். 3388 என்றால் 3 − 3 + 8 − 8 = 0, அதனால் 11-இன் மடங்கு. கணக்கே போட வேண்டாம்.

நாங்குநேரி அக்கா:
தம்பி, உன் முதல் பதிவை எடுத்துப் பார். 554.4-உம் 11-இன் மடங்குதான், 138.6-உம் 11-இன் மடங்குதான். விட்டத்தை ஆரமாகப் போட்ட தப்பு விடையிலும் 22 இருக்கத்தானே செய்யும்? பிறகு இந்தக் கிணற்றுக் கணக்கிலேயே நிலத்தின் 11 மீட்டர் அகலம் அந்தப் பதினொன்றை அடித்துவிட்டது, விடை 0.7. உன் வழி சந்தேகம் தீர்க்க உதவும். விடை கண்டுபிடிக்க நம்பாதே.

ஜங்ஷன் தம்பி:
இன்றைக்கு எனக்கு நாள் சரியில்லை போல.

மானூர் அண்ணாச்சி:
விடுங்கள் தம்பி. ஆனால் எனக்கும் ஒரு குறை இருக்கிறது. 70 செ.மீ. என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். நிஜத்தில் அப்படி நிற்காது. வெட்டி எடுத்த மண் பொங்கும். பூமிக்குள் இறுகிக் கிடந்தது, வெளியே வந்தால் இடையிடையே காற்று. கால் பங்குக்கு மேலேயே கூடும். எங்கள் பக்கம் மேலே கொஞ்சம் மண், அப்புறம் சரளை, அப்புறம் பாறை. வெடி வைத்து எடுத்த கல் இன்னும் அதிகமாகப் பொங்கும். லாரிக்காரனிடம் 138 கன மீட்டர் என்று பேசினால் நட்டப்படுவது நீங்கள்தான்.

பாளை சார்வாள்:
சத்தியமான வார்த்தை. ஆனால் ஓஎம்ஆர் தாளில் மண் பொங்காது அண்ணாச்சி. அங்கே கிணற்றின் கன அளவும் மேட்டின் கன அளவும் சமம். பிள்ளை, நீ 0.7-க்கே வட்டம் போடு.

அம்பைப் பொண்ணு:
சிரித்துவிட்டேன் சார்வாள். அடுத்து ஒரு கேள்வி. கிணற்றைச் சுற்றி மேடு போடுகிற கணக்கு: "6 மீ விட்டம், 8 மீ ஆழமுள்ள கிணறு. தோண்டிய மண்ணைக் கிணற்றைச் சுற்றி 4 மீ அகலத்துக்கு வட்ட மேடையாக அமைத்தால் மேடையின் உயரம் என்ன?" இதில் 7 எங்குமே இல்லையே, 22/7 எப்படி அடிபடும்?

பாளை சார்வாள்:
அடிபடவே வேண்டாம், அது வெளியேறிவிடும். கிணறும் வட்டம், மேடையும் வட்டம். இரண்டு பக்கமும் π இருக்கிறது. பார்த்த உடனே வெட்டிவிடு.

கிணறு: 3 × 3 × 8 = 72. மேடைக்கு உள் ஆரம் 3. வெளி ஆரம் 4 என்று போட்டுவிடாதே, நிறையப் பேர் இங்கேதான் வழுக்குவார்கள். அகலம்தான் 4, வெளி ஆரம் 3 + 4 = 7. மேடையின் அடிப்பரப்புக்கு 7 × 7-இல் இருந்து 3 × 3 போக 40. வர்க்கம் எடுக்கச் சோம்பலாக இருந்தால் கூட்டலையும் கழித்தலையும் பெருக்கு, 10 × 4 = 40. உயரம் 72 ÷ 40 = 1.8 மீ.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் உள்ளீடற்ற உருளை என்று வருவது இதுதான். வெளி அப்பளத்தில் இருந்து நடு அப்பளத்தை வெட்டி எடுத்த மாதிரி.

களக்காடு வாசகன்:
நடுவில் வருகிறேன். "ஆரம் 10 சதவீதம் கூடி, உயரம் 10 சதவீதம் குறைந்தால் கன அளவு எவ்வளவு மாறும்?" என் தம்பி மாற்றமே இல்லை என்கிறான், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் விடைத் தெரிவில் அது மூன்றாவதாக இருக்கிறது.

நாங்குநேரி அக்கா:
தம்பியை நம்பாதீர்கள். ஆரம் 10, உயரம் 10 என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். π-ஐத் தூக்கி ஓரமாக வைத்தால் 10 × 10 × 10 = 1000. மாறிய பிறகு 11 × 11 × 9 = 1089. ஆயிரத்துக்கு 89 கூடியிருக்கிறது, 8.9 சதவீதம். ஆரம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது, உயரம் ஒரே தடவை. உருளையில் ஆரம்தான் பெரிய மனுஷன்.

அதற்கு ஒரு சோதனை. 44 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலத்தில் ஒரு தகரம். நீளத்தை வளைத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் சுற்றளவு 44, ஆரம் 7, உயரம் 22. கன அளவு 154 × 22 = 3388. அகலத்தை வளைத்தால் சுற்றளவு 22, ஆரம் 3.5, உயரம் 44. கன அளவு 38.5 × 44 = 1694. அதே தகரம்தான், குட்டைக் குண்டன் இரண்டு மடங்கு பிடிக்கிறான்.

களக்காடு வாசகன்:
பத்தமடைப் பாயை இப்படி நிறுத்தி நெல் கொட்டினால் எது அதிகம் பிடிக்கும் என்று சின்ன வயதில் தாத்தாவோடு சண்டை போட்டது நினைவுக்கு வருகிறது. நான் உயரமாக நிறுத்தியதுதான் அதிகம் என்று சாதித்தேன். இருபது வருடம் கழித்துத் தோற்றுவிட்டேன்.

சேரன்மகாதேவி ரயிலடி:
மழைக் கணக்கையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை என்றார்கள். மழையை எப்படிச் சென்டிமீட்டரில் அளப்பது, லிட்டரில் அல்லவா சொல்ல வேண்டும் என்று என் மகன் கேட்டான். நேரான உருளைப் பாத்திரம் எத்தனை அகலம் இருந்தாலும் நிற்கிற உயரம் ஒன்றுதான், ஏனென்றால் வாய் பெரிதானால் விழுகிற தண்ணீரும் அதே பங்கில் பெரிதாகிறது என்று சொன்னேன். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 95 செ.மீ. என்றால் 95 கன மீட்டர், 95,000 லிட்டர். அவன் வாயைப் பிளந்தான். வெள்ளத்தன்று பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்த எனக்கு அந்த எண் பெரிதாகத் தோன்றவில்லை.

அம்பைப் பொண்ணு:
இந்த லிட்டர்தான் எனக்கு அடுத்த எதிரி. கன மீட்டர், கன செ.மீ., லிட்டர் மூன்றும் ஒரே கேள்வியில் வந்தால் புள்ளி எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

பாளை சார்வாள்:
இரண்டு வரி போதும். 1 கன மீட்டர் = 1000 லிட்டர். 1 லிட்டர் = 1000 கன செ.மீ. கடைசியில் லிட்டர் கேட்டால் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் மீட்டருக்குக் கொண்டுபோ, முடிவில் மூன்று பூஜ்யம் சேர்.

தண்ணீர்த் தொட்டி விட்டம் 1.4 மீ, உயரம் 2 மீ. ஆரம் 0.7. 22/7 × 0.7 × 0.7 × 2 = 3.08 கன மீட்டர், 3080 லிட்டர். நிமிடத்துக்கு 70 லிட்டர் ஏற்றுகிற மோட்டார் என்றால் 44 நிமிடம்.

இன்னொரு வகை, குழாயில் தண்ணீர் ஓடுகிற கணக்கு. அதைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். "7 செ.மீ. ஆரமுள்ள குழாயில் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் தண்ணீர் ஓடி, 11 மீ × 7 மீ தொட்டியில் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு உயரும்?" ஒரு மணி நேரம் கழித்து முதல் சொட்டு 3 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். அதன் பின்னால் குழாய் கனத்துக்குத் தண்ணீர் நீட்டமாகப் படுத்திருக்கிறது. அதுவும் உருளைதான், படுக்க வைத்த உருளை, நீளம் 3000 மீட்டர். ஆரம் 0.07 மீட்டர். அடிப்பரப்பு 154-இல் இருந்தே வரும்: 0.0154. மூவாயிரத்தால் பெருக்கினால் 46.2 கன மீட்டர். தொட்டியின் அடி 77. வகுத்தால் 0.6 மீ, அதாவது 60 செ.மீ.

ஜங்ஷன் தம்பி:
சார்வாள், 3.14 எப்போது, 22/7 எப்போது?

பாளை சார்வாள்:
கேள்வியில் சொல்லியிருந்தால் அதன்படி. சொல்லாவிட்டால் எண்ணைப் பார். 7, 14, 3.5, 2.1 என்று ஏழின் சாயல் இருந்தால் 22/7. ஆரம் 10, 20 என்று இருந்தால் 3.14 பக்கம் பார், இல்லாவிட்டால் விடையே π-யோடு நிற்கும்.

அப்புறம் ஒரு பழைய விஷயம். நம்மூர்ப் பழைய கணக்கில் வட்டத்தின் பரப்புக்கு πr² கிடையாது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குவார்கள். ஆரம் 7 என்றால் சுற்றளவு 44, பாதி 22. விட்டத்தில் பாதி 7. 22 × 7 = 154. நாங்குநேரி அக்காவின் எண் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது.

அம்பைப் பொண்ணு (பதினொரு நாள் கழித்து):
ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். கணக்கில் 25-க்கு 19. உருளை இரண்டு வந்தது. ஒன்று தொட்டிக் கணக்கு, நேரே போட்டுவிட்டேன். இன்னொன்று "அடிச்சுற்றளவு 44 செ.மீ., உயரம் 10 செ.மீ." அவசரத்தில் 44-ஐ விட்டம் என்று எடுத்து, ஆரம் 22 போட்டு, பெருக்கப் போனால் 7 எதிலும் அடிபடவில்லை. அங்கேயே பேனாவை நிறுத்திவிட்டுக் கேள்வியைத் திரும்பப் படித்தேன். சுற்றளவு! 44 என்றால் ஆரம் 7, 154 × 10 = 1540.

அந்தப் பயிற்சி மையத்துக்கும் எழுதிப் போட்டேன். கிணற்றுக் கணக்கின் விடையைத் திருத்திவிட்டோம் என்று பதில் வந்தது. இப்போது 1.4 மீ என்று போட்டிருக்கிறார்கள்.

மானூர் அண்ணாச்சி:
அவர்கள் மண் பொங்குவதைச் சேர்த்திருப்பார்கள்.